தட்டிப் பார்க்கும் வேலை

உத்திரமேரூர்
3.2.2025

அன்புள்ள மாமாவுக்கு,

சுலோச்சனா எழுதுவது. இங்கே நானும் மாடும் சுகம். நம் பெண் அம்முலு காஞ்சிபுரம் நர்சிங் ஹாஸ்டலில் சுகம். புனேயில் நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? கேட்டால் "ம்" என்று ஒரு சத்தம் வரும். இப்போது அதற்கும் வழியில்லை. "போன் வேணாம், கடிதாசி போடு" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். டச் போன் அம்முலுவிடம் இருக்கிறது. அதனால் பேனாவைப் பிடித்திருக்கிறேன்.

எதிர்வீட்டு முனியம்மாளின் கிண்டல் தாங்கவில்லை. "இன்னாடி, உன் வூட்டுக்காரரு போனே பண்றதில்ல? அங்க எவளையாச்சும் சேத்துக்கினு கீறாரா?" என்கிறாள். எனக்குச் சிரிப்புதான் வந்தது. காரணம் எனக்குத் தெரியும். பொங்கலுக்கு வந்தபோது ஏரிக்கரையில் உங்கள் பின்னால் நின்று தொண்டை வற்றக் கூப்பிட்டேன். மாடு திரும்பியது, நீங்கள் திரும்பவில்லை. உங்களுக்குக் காது கேட்கவில்லை. என்னிடம் மறைக்க என்ன இருக்கிறது?

என் பயம் வேறு. கம்பெனியில் பிளாஸ்டிக் பலகையைத் தட்டி, சத்தத்தை வைத்து நல்லதா கெட்டதா என்று சொல்வதுதானே உங்கள் வேலை? இப்போது எப்படிச் சொல்கிறீர்கள்? மழுப்பாமல் எழுதுங்கள்.

உங்கள்
சுலோச்சனா


புனே
12.2.2025

அன்புள்ள சுலோச்சனாவுக்கு,

உன் கண்ணில் எதுதான் தப்பும்? ஆமாம், வலது காது போயே போய்விட்டது. இடது காதில் பேச்சு விழுகிறது, மெல்லிய சத்தம் பிடிபடவில்லை. அம்முலுவிடம் மூச்சு விடாதே.

முதலில், அது பிளாஸ்டிக் பலகை இல்லை. எத்தனை முறை சொல்வது! போளியை நினைத்துக்கொள். கண்ணாடி இழையைப் பிசினில் ஊறவைத்துச் செய்த தோல் மேலே ஒன்று, கீழே ஒன்று. நடுவில் பூரணத்துக்குப் பதில் கெட்டி நுரை. ஒரு ஆளே தூக்கிவிடலாம், ஆனால் நாலு பேர் ஏறி நிற்கலாம். ஆம்புலன்ஸுக்குத் தரையும் சுவரும் இதில்தான் செய்கிறோம்.

இதற்குக் கெட்ட குணம் ஒன்று உண்டு. ஏதாவது ஓங்கி இடித்தால் மேல்தோலில் கீறல்கூடத் தெரியாது. உள்ளே நுரை நசுங்கித் தோலை விட்டு விலகியிருக்கும். அதே இடத்தில் இன்னொரு அடி விழுந்தால் தாங்காது. அதனால்தான் லாரியில் ஏற்றும் முன் ஒவ்வொன்றையும் காசால் தட்டிப் பார்க்கிறோம். நல்ல இடம் கணீரென்னும். விலகின இடம் பொத்தென்னும்.

இப்போது எப்படி என்று கேட்டாயே. நான் தட்டும்போது ஜெனிஃபர் என்ற மார்த்தாண்டத்துப் பெண் எதிரில் நின்று குறித்துக்கொள்வாள். பொத்தென்று கேட்டதும் அவள் புருவம் ஏறும். அதைப் பார்த்துச் சாக்பீஸால் வட்டம் போட்டுவிடுகிறேன். இதுவரை ஒன்றும் தப்பவில்லை. இத்தனை வருஷமாக இங்கே சந்தேகம் என்றால் "முத்துகிருஷ்ணனைக் கூப்பிடு" என்பார்கள். அந்தப் பேரை விடச் சொல்லாதே.

உன்
முத்துகிருஷ்ணன்


உத்திரமேரூர்
19.2.2025

அன்புள்ள மாமாவுக்கு,

புருவம் என்ற இடத்தில் சிரித்தேன். அப்புறம் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

அந்தப் பெண்ணுக்கு ஒருநாள் தலைவலி வந்தால்? வீட்டு நினைப்பில் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தால்? அம்முலுவை இப்போது நோயாளிகளோடு ஆம்புலன்ஸில் அனுப்புகிறார்களாம். அது உங்கள் பலகையா, வேறு யார் செய்ததா, எனக்கு என்ன தெரியும்? யாரோ ஒரு பெண் அதன் மேல் நின்றுகொண்டுதானே போகிறாள்?

நான் உங்கள் பேருக்குக் கழுத்தை நீட்டவில்லை மாமா, உங்களுக்குத்தான் நீட்டினேன். கம்பெனியில் பெரியவர்களிடம் சொல்லிவிடுங்கள். வேலை போனால் போகட்டும்.

நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டிவைத்துக் காத்துக்கிடக்கிறேன். மேகத்தைப் பார்த்தாலே தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறேன்.

உங்கள்
சுலோச்சனா


உத்திரமேரூர்
6.3.2025

மாமா,

பதிலே காணோம். கோபமா? நான் எழுதியதில் ஒரு வார்த்தையையும் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் கோபத்தில் சாப்பிடாமல் இருக்காதீர்கள்.

நெல்லை எடை போட்டாயிற்று. நனையவில்லை.

சுலோச்சனா


புனே
15.3.2025

அன்புள்ள சுலோச்சனாவுக்கு,

கோபம்தான். நீ சொன்னது சரி என்பதால் வந்த கோபம்.

ஜெனிஃபர் அண்ணன் கல்யாணத்துக்கு லீவில் போனாள். அவள் இடத்தில் வந்தவன் முகம் வெந்த இட்லி மாதிரி. எதற்கும் அசையவில்லை. நான் தட்டினேன், தட்டினேன், எல்லா இடமும் ஒன்றாகவே இருந்தது. அத்தனைக்கும் சரி என்று முத்திரை குத்திவிட்டேன். லாரியில் ஏற்றிக் கயிறும் கட்டிவிட்டார்கள். அப்போது நம் அம்முலு உள்ளே நிற்பதுபோல் இருந்தது. ஓடிப்போய் லாரிக்கு முன்னால் நின்றுகொண்டேன். "எனக்குக் காது கேட்காது சார், நான் பார்த்ததை நம்பாதீங்க" என்று எல்லார் முன்னாலும் இன்ஜினியர் குல்கர்னியிடம் சொல்லிவிட்டேன்.

இறக்கித் திரும்பத் தட்டினார்கள். இரண்டு பலகை பொத்தென்றதாம். நான் விட்டவை.

வேலையை விட்டு அனுப்பவில்லை. பிசின் கலக்கும் இடத்தில் போட்டிருக்கிறார்கள். தட்டும் வேலை ஜெனிஃபருக்கு. இடது காதுக்கு மிஷின் வைத்துப் பார்க்கலாம் என்கிறார் டாக்டர். சாப்பாட்டு வேளையில் எல்லாரும் என்னிடம் கையாட்டிப் பேசுகிறார்கள். அவமானமாக இருக்கிறது சுலோச்சனா. சித்திரைக்கு ஊருக்கு வரவில்லை. செவிடன் என்பார்கள். செவிடன் பெண்டாட்டி என்று உன்னையும் சொல்வார்கள். கொஞ்ச நாள் என்னை விட்டுவிடு.

முத்துகிருஷ்ணன்


உத்திரமேரூர்
22.3.2025

என் மாமாவுக்கு,

லாரியை மறித்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கல்யாணமான நாளிலிருந்து உங்களை நினைத்து இவ்வளவு பெருமைப்பட்டதில்லை. இதை முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தால் தலையைக் குனிந்துகொண்டிருப்பீர்கள், அதனால் எழுதுகிறேன்.

ஊர் வாய்க்கு நீங்கள் பயப்பட வேண்டியதில்லை. நானே முனியம்மாளிடம் சொல்லிவிட்டேன். "அய்யோ, நான் கூப்ட கூப்ட போனாரே, திமிருன்னு நெனச்சிக்கினு இருந்தேனே" என்று முந்தானையில் மூக்கைச் சிந்தினாள். இந்நேரம் தெரு முழுக்கத் தெரிந்திருக்கும். அம்முலுவுக்கும் தெரியும். வந்து திட்டிக்கொள்ளுங்கள்.

விட்டுவிடு என்று எழுதியிருக்கிறீர்கள். அது மட்டும் என்னால் ஆகாது. நீங்கள் வராவிட்டால் நான் வருகிறேன். மாட்டை முனியம்மாள் பார்த்துக்கொள்வாள். அம்முலு டிக்கெட் போட்டுவிட்டாள். ஏப்ரல் ஐந்தாம் தேதி சென்னையில் ரயில் ஏறுகிறேன்.

ஸ்டேஷனில் அந்தக் கூட்டத்தில் நான் கூப்பிட்டால் கேட்குமோ கேட்காதோ என்று தவித்துக்கொண்டு நிற்காதீர்கள். நான் கூப்பிட மாட்டேன். நேராக வந்து உங்கள் கையைப் பிடித்துக்கொள்வேன்.

உங்கள்
சுலோச்சனா