சக்களத்தியும் பச்சைப் பென்சிலும்

எடின்பரோ
ஞாயிறு காலை

என் இதழாசிரியருக்கு

முப்பது வருடமாகப் பாசியியல் கழகத்தின் ஆய்விதழ்தான் எனக்குச் சக்களத்தி. ஞாயிறு முழுக்க நீங்கள் பச்சைப் பென்சிலோடு அவளைத் திருத்துவீர்கள். நான் வைத்த தேநீர் ஆறிப்போகும்.

போன வாரம் கழகம் அவளைப் பெரிய பதிப்பகத்துக்கு விற்றுவிட்டது. "இனிமே எழுதுறவங்கதான் காசு கட்டணுமாம். படிக்கிறவங்களுக்கு இலவசமாம். திருத்த நான் வேண்டாமாம்" என்று அழுதீர்கள். என் அம்மா இறந்தபோதுகூட நீங்கள் அழவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. "ஒழிஞ்சாளேன்னு நிம்மதியா இருங்க!" என்றேன்.

நேற்று கடைச் சீட்டில் நான் எழுதிய 'வெண்ணெய் மீன்' நடுவே பச்சையில் ஒரு காற்புள்ளி இருந்தது. என் எழுத்தை நீங்கள் படித்தது அதுதான் முதல் தடவை.

இந்தக் கடிதத்தில் வேண்டுமென்றே ஒரு காற்புள்ளிகூட வைக்கவில்லை. பென்சிலோடு வாருங்கள்.

உங்கள் மனைவி