முதலில் புறப்பட்ட பை

அப்பா,

இன்று காலை எதிர்வீட்டு உஷா ஒரு பையைக் கொண்டுவந்து என் கூடத்தில் வைத்தாள். என்னிடம் படித்த பெண். ஜெர்மனி அரசாங்கம் அவளுக்கு ஸ்காலர்ஷிப் கொடுத்திருக்கிறது. பயண நாள் சரியில்லையாம். “இன்னிக்கு நல்ல நாளாக்கும் டீச்சர். பரஸ்தானம் இங்கே வெக்கச் சொன்னா அம்மா” என்றாள். நல்ல நாளில் பையை மட்டும் அடுத்த வீட்டுக்கு அனுப்பிவிட்டால் ஆளே கிளம்பியதாகக் கணக்கு. நம் வலியசாலைத் தெருவில் அந்தக் கணக்கு இன்னும் மாறவில்லை. பையிலிருந்து பாச்சை உருண்டை வாசம் வந்தது.

“பாஸ்போர்ட் இதுலயா இருக்கு?” என்றேன்.

“ஐயோ, இல்லை டீச்சர். ரெண்டு புடவை மட்டும்தான்.”

என் பரஸ்தானத்துக்கு உங்களுக்கு இரண்டு புடவை போதவில்லை.

விழிஞ்ஞத்தில் மீன் வாங்கி வந்து கல்லூரியில் அறுத்துப் படித்தவள் நான். வீட்டுக்கு வந்தால் கிணற்றடியில் குளித்துவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும் என்பது உங்கள் சட்டம். ஆனால் மீன்வளம் படிக்க ஜப்பான் அரசாங்கம் தன் செலவில் கூப்பிட்டதும் கோயில் வாசலில் நின்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னீர்கள்: “நம்மாத்துக் கொழந்தைக்கு ஜப்பான் கவர்மெண்டாக்கும் ஃபீஸ் கட்டறது, கேட்டேளா?” அந்தப் பெருமை பொய்யில்லை. அதனால்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சென்னைக்கு ரயிலேற வேண்டியது செவ்வாய்க்கிழமை. செவ்வாய் வெறுவாய் என்று ஞாயிறன்றே பரஸ்தானம் வைத்தீர்கள். “எது இல்லாம போக முடியாதோ அதுதான் மொதல்ல கிளம்பணும்” என்று பாஸ்போர்ட்டையும் விமான டிக்கெட்டையும் பையில் போட்டுப் பக்கத்து வீட்டு மணி மாமாவிடம் கொடுத்தீர்கள். செவ்வாய் விடியற்காலை, மாமாவின் தங்கை இறந்துவிட்டாள் என்று சுசீந்திரத்திலிருந்து ஆள் வந்ததும் அவர் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடிவிட்டார். பை உள்ளே. சுசீந்திரம் போய்ச் சாவி வாங்கி வர நேரமில்லை.

நான் அம்மிக் குழவியைத் தூக்கிக்கொண்டு போனேன். நீங்கள் அந்தக் கதவில் முதுகைச் சாய்த்து நின்றீர்கள். “பிறத்தியாராத்துப் பூட்டை உடைக்கறதா? அதுவும் சாவுச் சேதி வந்த ஆத்துல? அப்படிக் கிளம்பினா வெளங்குமாடீ?” அம்மா கும்பிட்டாள்: “உடைச்சுடுங்கோன்னா. கொழந்தை போகட்டும்.” நீங்கள் அசையவில்லை. தெரு மொத்தமும் பார்த்துக்கொண்டு நின்றது. ரயில் போய்விட்டது.

மூன்றாம் நாள் மாமா வந்தார், பை வந்தது. நீங்கள் அடித்த தந்திக்கும் பதில் வந்தது: இடம் காத்திருந்த வேறொருவருக்குப் போய்விட்டது. “உனக்குக் கொடுத்து வெச்சது அவ்வளவுதான்” என்றீர்கள். கொடுத்தது ஓர் அரசாங்கம், அப்பா. கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டில் வைத்தது நீங்கள்.

சில வருஷம் கழித்துத் தம்பி துபாய்க்குக் கிளம்பினானே, வாசலில் டாக்ஸி வந்து நின்றது ராகு காலத்தில். “வேலை காத்துண்டிருக்குமா? கிளம்புடா” என்று நீங்களே பெட்டியைத் தூக்கி வைத்தீர்கள். பஞ்சாங்கம் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆம்பிளைக்கு எல்லா நாளும் நல்ல நாள் போலும் என்று சமையலறையில் பாத்திரத்தை நங்கென்று வைத்தேன். உங்கள் காதில் விழுந்திருக்கும்.

நான் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் டீச்சராகி, கண்ணாடிக் குப்பியில் கிடக்கும் மீனைப் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொண்டிருக்கிறேன். கடைசி வரை உங்களுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்ததும் நான்தான். போன மாசியில் போனீர்கள். நாள் பார்க்காமல் நீங்கள் புறப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

உஷா திரும்பும்போது என் வீட்டின் மாற்றுச் சாவியை அவள் கையில் வைத்தேன். “எதுக்கு டீச்சர்?” என்றாள். “உங்கிட்டயே இருக்கட்டும். நீ ரயிலேறினப்பறம் உங்கம்மா கொண்டுவந்து தந்தாப் போறும்” என்றேன்.

என் பை இன்னும் கட்டிலுக்கு அடியில்தான் கிடக்கிறது. மணி மாமா கொண்டுவந்து கொடுத்ததிலிருந்து அதை நான் பிரிக்கவில்லை. உங்கள் கணக்குப்படி அந்த ஞாயிற்றுக்கிழமை நல்ல நேரத்தில் நான் புறப்பட்டுவிட்டேன், அப்பா. இன்னும் போய்ச் சேரவில்லை.