ஏழு பேர் கூடிய வாரம்

அன்புள்ள அக்கா,

இன்று காலை பாளையங்கோட்டை மாவு மில்லில் எனக்கு முன்னால் யாரோ மிளகாய்த்தூள் அரைத்துவிட்டுப் போயிருந்தார்கள். வெறும் மிளகாய் வாசம் இல்லை. பெருஞ்சீரகமும் கறிவேப்பிலையும் சேர்த்துக் கருக வறுத்த வாசம், உங்கள் வீட்டுத் தூளின் வாசம். கொண்டுபோன மல்லியை மில்காரரிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்து நின்றுகொண்டேன். நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள் என்று மூன்று மாதத்துக்கு முன் டொராண்டோவிலிருந்து உங்கள் தம்பி ரவி போனில் சொன்னபோது எனக்கு அழுகை வரவில்லை. இன்று அந்த மில் வாசலில்தான் வந்தது.

அஜ்மானில் நமக்கு எதிரெதிர் வீடு. கல்யாணமாகி வந்து, கைக்குழந்தையோடு நாலு சுவருக்குள் இருந்தவள் நான். நீங்கள் ஷார்ஜாவில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். பருத்தித்துறைப் பக்கம் உங்கள் அம்மாவையும் ரவியையும் விட்டுவிட்டுத் தனியாக வந்திருந்தீர்கள். சாயங்காலம் டாக்ஸியில் நாலு பேரோடு நெருக்கிக்கொண்டு வந்து இறங்கி, முகம் கழுவிவிட்டு நேராக என் அடுப்படிக்கு வருவீர்கள். கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே அரசியல் பேசிய பெண்ணை நான் அதுவரை பார்த்ததில்லை.

உங்கள் அய்யா தபால் கந்தோரில் வேலை பார்த்தவர். சமஷ்டி கேட்டுக் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலக வாசலில் உட்கார்ந்து அடிவாங்கியவர். "அப்படின்னா என்னக்கா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"உங்கட நாட்டில இருக்கிறதுதான், தங்கச்சி. டெல்லிக்கும் ஒரு அதிகாரம், உங்கட மாநிலத்துக்கும் ஒரு அதிகாரம். ஒண்டை ஒண்டு விழுங்கக் கூடாது. அவ்வளவுதான் அய்யா கேட்டது."

அப்புறம் கத்தியை வைத்துவிட்டு விரல் மடக்கிச் சொன்னீர்கள். "உங்கட ஜனாதிபதி கையெழுத்து வைக்கிறவர். எங்கட ஜனாதிபதி எல்லாத்தையும் தன்ர கையில வைச்சிருக்கிறவர். இஞ்ச வேற மாதிரி. அஜ்மான், ஷார்ஜா, துபாய் எண்டு ஏழு இடத்து ஆட்சியாளர்கள் கூடியிருந்து தங்களுக்குள்ள ஒருத்தரைத் தலைவராக்கியிருக்கினம்."

"மூணுல எதுக்கா நல்லது?"

"ஆபத்து வரேக்கதான் தெரியும்" என்றீர்கள்.

எண்பத்தேழு மே மாதக் கடைசியில் உங்கள் ஊருக்குள் ராணுவம் இறங்கியது. வயசுப் பையன்களைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்று செய்தி வந்தது. ரவி அதற்குக் கொஞ்சம் முன்புதான் எப்படியோ கொழும்புக்கு வந்து ஒரு லாட்ஜில் தங்கியிருந்தான். அங்கேயும் சோதனை. திரும்பிப் போக ஊரும் இல்லை. உங்கள் கம்பெனியின் மலையாளி மேனேஜர் நல்ல மனுஷர். விசாவுக்குப் பொறுப்பேற்கும் அரபு முதலாளியான கஃபீலிடம் பேசி, அலுவலகப் பையன் வேலைக்கென்று ரவிக்கு ஷார்ஜாவில் விசா எடுத்துக் கொடுத்தார். ரவி துபாயில் இறங்குவதாக ஏற்பாடு. விசாவின் அசலை முன்கூட்டியே துபாய் விமான நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும், நகல் அவன் கையில் இருக்க வேண்டும். நகலை ஆள் மூலம் அனுப்பிவிட்டீர்கள். டிக்கெட்டும் போட்டாயிற்று.

அவன் வர வேண்டிய அந்த வாரம் ஒருநாள், வேலைக்குப் போன நீங்கள் மதியத்துக்கு முன்பே திரும்பி வந்தீர்கள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஷார்ஜாவில ஆட்சி மாறிட்டுதாம்."

ஆட்சியாளர் வெளிநாட்டில் இருக்கிறாராம், அவர் விலகிவிட்டதாகவும் குடும்பத்தில் இன்னொருவர் பொறுப்பேற்றதாகவும் அறிவிப்பு வந்ததாம். வெளிநாட்டில் இருப்பவரோ விலகவில்லை என்கிறாராம். துபாய் ஒருவர் பக்கம், அபுதாபி இன்னொருவர் பக்கம் என்று கடைத்தெருவில் ஆளாளுக்குப் பேசினார்கள். எது உண்மை என்று நமக்கு யார் சொல்வார்கள்? எங்கோ துப்பாக்கியோடு ஆட்கள் நிற்கிறார்கள் என்று கேட்டதுமே நான் கதவைத் தாழிட்டேன். நமக்கு அது அடுத்த வீட்டுச் சண்டை மாதிரி. சத்தம் கேட்கும், விஷயம் தெரியாது, சுவர் நம் பக்கம் இடியுமோ என்று மட்டும் பயமாக இருக்கும்.

உங்கள் பயம் அதைவிடக் குறிப்பானது. "ரவியிட விசா ஷார்ஜா விசா. இப்ப அது ஆர் குடுத்த விசா? போனவர் குடுத்ததோ, வந்தவர் குடுத்ததோ? துபாய்க்காரர் அதை எடுப்பினமோ?"

என் வீட்டுக்காரர் துபாய் துறைமுகத்தில் வேலை. சாயங்காலம் வந்ததும் அவரிடம் கேட்டீர்கள். அவர் யோசித்துவிட்டு, "ஒரு வாரம் பொறுங்கக்கா. எல்லாம் அடங்கட்டும். டிக்கெட்டைத் தள்ளிப் போட்டுக்கிடலாம்" என்றார்.

அது சரியான யோசனைதான். ஆனால் மறுநாள் தொலைபேசி நிலையத்தில் வரிசையில் நின்று கொழும்புக்குப் பேசிவிட்டு வந்தபோது உங்கள் முகம் சாம்பல் பூத்திருந்தது. காலையில் லாட்ஜுக்குச் சோதனைக்கு வந்தவர்கள் இரண்டு பையன்களைக் கொண்டுபோய்விட்டார்கள். ரவி கடைக்குப் போயிருந்ததால் தப்பினான்.

வரச் சொன்னால், துபாயில் திருப்பி அனுப்பிவிட்டால் கொழும்பு விமான நிலையத்தில் நேராக அவர்கள் கைக்குள் போய் விழுவான். பொறுக்கச் சொன்னால், லாட்ஜுக்கு மறுபடியும் வருவார்கள். நீங்கள் என் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். குழந்தை உங்கள் சங்கிலியைப் பிடித்து இழுப்பதுகூடத் தெரியவில்லை. பிறகு என்னிடம் கேட்டீர்கள்.

"இந்த ஏழு பேரும் சேர்ந்து நிப்பினமோ, தங்கச்சி?"

எனக்கு என்ன தெரியும்? எங்கள் ஊர் பஞ்சாயத்துத் தலைவர் யார் என்பதே அப்போது எனக்குத் தெரியாது. "நிப்பாங்கக்கா" என்றேன்.

நீங்கள் லேசாகச் சிரித்தீர்கள். என் பதிலை நம்பிச் சிரிக்கவில்லை என்று தெரியும். கைப்பையிலிருந்து அந்த விசாத் தாளை எடுத்து, மேலே இருந்த அரபு எழுத்தைக் காட்டினீர்கள். "இதில முதல்ல இருக்கிறது ஷார்ஜா இல்லை, எல்லாரும் சேர்ந்த பேர். அந்தப் பேருக்கு மதிப்பு இருக்கோ இல்லையோ எண்டு பாத்திடுவம். அவன் வரட்டும்."

அசலை ஒப்படைக்கத் துபாய் விமான நிலையத்துக்கு என் வீட்டுக்காரரும் நானும் குழந்தையோடு உங்கள்கூட வந்தோம். நீங்கள் தனியாகப் போவது எனக்குப் பொறுக்கவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி தாளை வாங்கிப் பார்த்தார். "ஷார்ஜா?" என்றார். நீங்கள் தலையசைத்தீர்கள். அவர் தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். என் வீட்டுக்காரர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துத் துடைத்து அது நனைந்துவிட்டது. நீங்கள் அசையவே இல்லை. உங்கள் உதடு மட்டும் ஏதோ முணுமுணுத்தது. சாமி பெயர் என்று நினைத்தேன். இல்லையாம். உள்ளே கூப்பிட்டால் அவரிடம் சொல்ல வேண்டிய ஆங்கில வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தீர்களாம்.

சொல்ல வேண்டியிருக்கவில்லை. அதிகாரி வெளியே வந்தார். தாளில் ஏதோ எழுதினார். "மாஃபி முஷ்கில்", பிரச்சினை ஒன்றுமில்லை என்று அரபியில் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவ்வளவுதான்.

மறுநாள் மதியம் ரவி வந்து இறங்கி, விமான நிலையத்திலிருந்து வெளியே வந்தான். ஒரு துணிப்பையும் கலைந்த தலையுமாக. நீங்கள் ஓடவில்லை, கட்டிப்பிடிக்கவில்லை. "சாப்பிட்டியோ?" என்று கேட்டீர்கள். 

அடுத்த சில நாட்களில் ஏழு ஆட்சியாளர்களும் கூடிப் பேசி, வெளிநாட்டில் இருந்தவரே திரும்ப வந்து பொறுப்பில் இருப்பார் என்று முடிவானது. மற்றவருக்கும் ஒரு பதவி கொடுத்தார்கள். கடைகள் எப்போதும்போல் திறந்திருந்தன. நீங்கள் மட்டும் அதைப் பெரிய அதிசயமாகப் பேசிக்கொண்டிருந்தீர்கள். "ஒரு மேசையில இருந்து கதைச்சு முடிச்சிட்டினம். பாத்தீங்களோ, ஒரு உயிரும் போகேல்லை."

ரவிக்கு அது எரிச்சல். "அக்கா, இது எண்ணெய்க் காசு இருக்கிற ஆக்களிட வீட்டுக் கதை. எங்களுக்கு மேசையே இல்லை" என்றான். ஜூலைக் கடைசியில் உங்கள் ஜனாதிபதியும் எங்கள் பிரதமரும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, மாகாண சபை வரும் என்றார்கள். நீங்கள் கேசரி கிளறிக் கொண்டுவந்தீர்கள். ரவி தொடவில்லை. அக்டோபரில், அமைதி காக்கவென்று போன எங்கள் நாட்டு ராணுவமே உங்கள் ஆட்களோடு சண்டையில் இறங்கியது. ரவி சொன்னதுதான் நடந்தது. அம்மாவிடமிருந்து தகவல் இல்லை.

அந்த நாட்களில் உங்கள் கதவைத் தட்ட எனக்குப் பயமாக இருந்தது. என்ன முகத்தோடு வருவது? எதிரே ரவி நின்றால் என்ன சொல்வது? இரண்டு நாள் அப்படியே போயிற்று. மூன்றாம் நாள் நீங்களே வந்து நின்றீர்கள். கண் வீங்கியிருந்தது.

"நீங்கள் ஏன் வரேல்லை?" என்றீர்கள்.

"எப்படிக்கா வர? எங்க ஆளுங்கதானே..."

"உங்களைக் கேட்டோ அனுப்பினவை?" என்று சொல்லி, என் இடுப்பிலிருந்த குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே வந்தீர்கள். அம்மா உயிரோடிருப்பது தெரிய அதன்பிறகு ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அந்த நாளெல்லாம் நம் அடுப்படியில்தான் கழிந்தது.

அக்கா, டிவியில் இப்போதும் ஏதாவது ஒரு மாநிலத்தின் ஆட்சியைக் கலைக்கப் போவதாகப் பேச்சு வரும். யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்று நாலு பேர் உட்கார்ந்து கத்துவார்கள். என் வீட்டுக்காரரும் கூடவே கத்துவார். எனக்கோ, மேலே ஆட்கள் மாறுகிற அந்த இடைவெளியில், எங்கோ ஒருத்தி தன் வீட்டுப் பையனை வரச் சொல்வதா வேண்டாமா என்று தெரியாமல் இருப்பாள் என்று தோன்றும். அவள் பெயரை எந்தச் செய்தியிலும் சொல்வதில்லை. நான் அவளை நினைத்துக்கொண்டுதான் செய்தி கேட்கிறேன்.