பச்சை பட்டன்ல ஒட்டின பொட்டு

அன்புள்ள அம்மாவுக்கு,

பெங்களூரிலிருந்து நவநீதன். நான் சௌக்கியம். குன்னூர்ல மழை விட்டுதுங்களா, முட்டிவலி தேவலைங்களா?

நான் வாங்கித் தந்த டச் போனை உங்களால எடுக்க முடியலைன்னுதான் இந்தக் கடுதாசி. மணியடிச்சா நீங்க அமுக்கறீங்க, அதை மேல தள்ளணுமாம். கொழுந்து கிள்ளிக் காய்ச்சுப்போன விரல் தள்ளினாலும் அதுக்குத் தெரியறதில்லை.

போன் திரை வரையறதுதானே எங்க கம்பெனிப் பொழப்பு, அதனால ஆபீஸ்ல சொன்னேன். "திரையைப் பார்த்ததும் யோசிக்காமலே கை போகணும்"னு தினமும் பிரசங்கம் பண்ற மேனேஜர், "உங்கம்மாவைப் பழகிக்கச் சொல்லு"ன்னு சிரிச்சான். கூட இருந்த மேதாவிகளும் சிரிச்சாங்க. அப்புறம் அந்தாளு எழுந்து போய், அவனே தேர்ந்தெடுத்த கைப்பிடியில்லாத கண்ணாடிக் கதவைத் தள்ளறதா இழுக்கறதான்னு தெரியாம மூக்கை இடிச்சுக்கிட்டான். கதவு ரொம்ப அழகுங்க. அதுக்கும் பழகிக்குவான்.

அந்த டச் போனை பீரோவுல போடுங்க. பச்சை பட்டன் மேல ஸ்டிக்கர் பொட்டு ஒட்டி வெச்சிருந்தீங்களே, அந்தப் பழைய போனுக்கு சிம்மை மாத்தித்தர பக்கத்து வீட்டு செல்வியக்காகிட்டக் கேளுங்க.

ஆபீஸ் வண்டி வந்துருச்சு. ஞாயித்துக்கிழமை கூப்பிடறேன். பொட்டை அமுக்கி, சாப்பிட்டியான்னு ஒருதரம் கேட்டுட்டு வெச்சிருங்க, போதும்.

நவநீதன்