ஆற்றின் மேல் ஒரு பாதை

12.10.2005 புதன்

காலையிலிருந்து மழை. விம்பிள்டன் டிராம் பிந்தியது. வேலையால் வந்து உளுந்து ஊறப்போட்டுவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

சங்கத்தின் சிறப்பு மலருக்கு ஊர் வரலாறு எழுதும் பொறுப்பு என் தலையில். ஊர் என்றால் யாழ்ப்பாணத்து ஊர் அல்ல. வட நோர்வேயில், மீன் வெட்டப் போன நாங்கள் சில குடும்பங்கள் வாழ்ந்த ஆற்றங்கரை ஊர். எல்லாரும் இப்போது லண்டனில். எந்தக் குறிச்சிக்கும் இங்கே ஒரு சங்கம் இருக்கிறது, எங்களுக்கு ஏன் கூடாது என்று அண்ணை தொடங்கிவிட்டார். அடுத்த மாதம் சட்டன் பக்கம் ஒரு மண்டபத்தில் முதல் ஒன்றுகூடல். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

மற்றச் சங்கங்களின் மலர்களில் உள்ள ஒழுங்குதான் எனக்கும்:

எல்லைகள் – வடக்கே கடல். கிழக்கே ஆறு, அக்கரையில் மீன் தொழிற்சாலை. மேற்கே மொட்டை மலை. தெற்கே ஒன்றுமில்லை. உண்மையாகவே ஒன்றுமில்லை.

கோயில் – இல்லை. பனிச்சறுக்குக் கழக மண்டபத்தில் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் ஒரு பிள்ளையார் படம். ஆணி அடிக்க விடவில்லை, ஆகவே கதிரையில் வீற்றிருந்தார்.

காலநிலை – மார்கழியில் சூரியனுக்கு முழு விடுமுறை.

நன்றாக வருகிறது. என்னை விட்டால் இதை எழுத ஆளில்லை.

14.10.2005 வெள்ளி

வெயில், ஆனால் குளிர். வரலாறு முடிந்தது. உலகப்போரில் பின்வாங்கிய ஜெர்மன் படை ஊரை எரித்துவிட்டுப் போனது. ஒளித்திருந்த சனம் குகைகளிலும் கவிழ்த்த வள்ளங்களுக்குக் கீழும் குளிர்காலத்தைக் கழித்தது. பிறகு அதே அத்திவாரங்களில் வீடு கட்டியது. இவ்வளவும் பக்கத்து வீட்டுக்காரி சொன்னது. நாங்களும் வீடு எரிந்து வந்தவர்கள் என்று கேட்டதும் உள்ளே போய்க் கம்பளிக் கையுறை கொண்டுவந்து தந்தவள். அவளுக்கு ஒரு பந்தி முழுதாக எழுதினேன்.

15.10.2005 சனி

கடை: கத்தரிக்காய், முருங்கைக்காய், அம்மாவுக்கு ஒடியல் மா. ஒடியல் மா இல்லை.

இன்று எழுதியது ஆற்றைப் பற்றி. குளிர்காலத்தில் அது உறைந்ததும் அதன் மேல்தான் பாதை. பாலத்தால் போனால் சுற்று. நகரசபை ஆட்கள் பாதையின் இரு பக்கமும் மரக்கொப்புகளை நடுவார்கள். எங்கள் பெடியள் அதைத் தோரணம் என்றார்கள். வெயில் தொடங்கக் கொப்புகளைப் பிடுங்குவார்கள். இனி ஆற்றில் கால் வைக்காதே என்று பொருள். அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும், அதனால்தான் ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. திருவிழா முடிந்தது, தோரணம் கழற்றியாயிற்று என்று நாங்கள் நினைத்தோம். இரவு புதுப்பனி கொட்டி ஆறு பழையபடி வெள்ளையாகக் கிடந்தது. காலையில் வேலைக்கு நடந்த தம்பி குகன் அக்கரை சேரவில்லை.

அண்ணைக்கு ஃபோனில் வாசித்தேன்.

"கடைசிப் பந்தியை வெட்டு."

"ஏலாது."

"அம்மா மலரில ஒரு எழுத்து விடாமல் வாசிப்பா. விசர்க்கதை கதையாதை."

அம்மாவுக்குச் சொல்லி வைத்திருப்பது: மூளைக்காய்ச்சல், ஆஸ்பத்திரி, நித்திரையில் போய்விட்டான். அம்மா அப்போது யாழ்ப்பாணத்தில், சண்டைக்குள். அண்ணை சொன்ன பொய். நாங்கள் எல்லாருமாகக் காப்பாற்றும் பொய். இப்போது அம்மா என் வீட்டில். ஒவ்வொரு திவசத்துக்கும் ஐயரிடம் "பிள்ளை நோகாமல் போனவன்" என்று சொல்கிறார். இன்னொரு முறை என்னால் அதைக் கேட்க முடியாது. அண்ணை மேல் சரியான கோபம்.

16.10.2005 ஞாயிறு

தோசை. உடுப்புத் தோய்த்தல். காற்று.

முடிவு எடுத்தாயிற்று. அச்சில் பார்க்க விடமாட்டேன். முதலே நானே கொடுப்பேன். அம்மா தாங்குவார். ஷெல் குண்டு விழுந்த ஊரில் தனியாக இருந்த மனுஷி. என் வீட்டுக்காரர், "யோசிச்சுச் செய்யும்" என்றார். யோசித்துத்தான்.

17.10.2005 திங்கள்

லீவு போட்டேன். மத்தியானம் சாப்பிட்ட பிறகு தாள்களை அம்மாவின் மடியில் வைத்தேன்.

"குகனைப் பற்றியும் இருக்கம்மா. அவன் காய்ச்சலில சாகேல்லை."

என்னைப் பார்த்தார். கண்ணாடி போட்டுக்கொண்டு எல்லைகளிலிருந்து தொடங்கினார். கடைசித் தாளை இரண்டு தரம் வாசித்தார். நான் அழுதுவிட்டேன். அவ்வளவு துணிச்சலும் எங்கே போனதோ. அம்மா அழவில்லை.

"அவன் நல்லா நீந்துவானே, பிள்ளை."

"அந்தத் தண்ணிக்குள்ள நீந்த ஏலாதம்மா. குளிரில கைகால் விறைச்சுப்போம்."

"ஓம்." தாளை நீட்டினார். "நீ அதை எழுதேல்லை. நீந்தத் தெரியாத பெடியன் எண்டெல்லோ சனம் நினைக்கும். கடற்கரையில வளந்தவன், உங்கட அப்பாவை விடத் தூரம் நீந்துவான் எண்டு எழுது. இப்ப எழுது, நான் பாக்க."