வாழ்த்துகள் என்று வந்தால் அழித்துவிடு

மார்ச் 4, செவ்வாய்

கணினியில் பிரவுசரைத் திறந்தாலே மணி அடிக்கிறது. "வாழ்த்துகள்! இன்றைய அதிர்ஷ்டசாலி நீங்கள்தான்!" மாமனார் தினமும் குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து அந்த வாழ்த்தை வாங்கிக்கொள்கிறார். ரிட்டயர் ஆனபின் அவரை வேறு யார் வாழ்த்துகிறார்கள், பாவம். பரிசு வருமென்று சொன்ன இடத்திலெல்லாம் அமுக்கியிருக்கிறார்.

வெள்ளிக்கிழமை எனக்கு வீடியோவில் இன்டர்வியூ. குழந்தைக்காக வேலையை விட்டபின் வந்திருக்கும் முதல் அழைப்பு. கணினியில்தான் வரவேண்டுமாம், போன் கூடாதாம்.

மார்ச் 5

ஒரு பக்கமும் திறக்கவில்லை. வைரஸ் என்று கணவர் கண்டுபிடித்துவிட்டார். ரிப்பேர்காரரைக் கூப்பிடலாமே என்றேன். "நான் இருக்கும்போது வெளியாள் எதுக்கு?" அணைத்துப் போட்டார். மறுபடி அணைத்துப் போட்டார். ஒயரை உருவி ஊதினார்.

மார்ச் 6

ஆபீஸிலிருந்து ஏதோ மென்பொருள் கொண்டுவந்து ஓட்டினார். வைரஸ் ஒழிந்தது. உடனே எங்களுக்கு ஒரு சொற்பொழிவு: "இனிமே வாழ்த்துகள்னு எது வந்தாலும் படிக்கக்கூடாது. அழிச்சிடணும்." மாமனார் பள்ளிப்பிள்ளை மாதிரி தலையாட்டினார்.

ஆனால் பக்கம் இன்னும் திறக்கவில்லை! "லைன் சரியில்ல" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். நாளைக்கு நான் — யார்கிட்ட போய் அழ?

மார்ச் 7

இவர் கிளம்பியதும் ரிப்பேர்காரருக்குப் போன் போட்டேன். "வைரஸ் போயிடுச்சு மேடம், அது மாத்திவச்ச ப்ராக்ஸி செட்டிங் போகல. நெட்டுல எது போனாலும் தன் வழியா போகணும்னு அந்த வைரஸ் வச்சிருக்கு. இப்ப அது இல்ல, பிரவுசர் இன்னும் அதையே தேடுது. செட்டிங்ஸ்ல ப்ராக்ஸின்னு போட்டிருக்கிற இடத்துல ஒரு டிக் இருக்கும், அதை எடுங்க."

எடுத்தேன். வந்துவிட்டது! இன்டர்வியூவும் நன்றாகவே போனது.

சாயங்காலம் இவர்: "பாத்தியா, நேத்து நான் செஞ்சது இன்னைக்கு வேலை செய்யுது." காபி போடப் போனேன் நான்.

மார்ச் 12

பதில் இல்லை.

மார்ச் 17

இன்னும் இல்லை. என்னை எவன் எடுப்பான்?

மார்ச் 18

மாமனார் பெருமையாகச் சொன்னார்: "அந்த வைரஸ் விடமாட்டேங்குதும்மா. இப்ப நீ கணினியில திறந்து வச்சிருக்கிற மெயில்லயே வாழ்த்துகள்னு வருது, உன் பேரைப் போட்டு. விடுவேனா? அழிச்சிட்டேன்."

ஓடினேன். குப்பைப் பெட்டியில் கிடந்தது என் வேலை. "வாழ்த்துகள்! தாங்கள் தேர்வாகியுள்ளீர்கள்." சம்மதம் சொல்லக் கடைசி நாள் இன்று. உடனே சம்மதம் அனுப்பினேன்.

"நான் சொன்னது இந்த வாழ்த்து இல்லப்பா!" என்று இவர் கத்தினார்.

மாமனார் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப உனக்கு வந்தது நிஜமாம்மா?"

"ஆமா மாமா."

நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, இவர் காதில் விழாமல்: "எனக்கு வந்ததையும் இவன் அழிச்சிட்டான். அந்தக் குப்பையில அதையும் கொஞ்சம் தேடிப் பாரேன்."