சனிக்கிழமை நண்பகல் சங்கு

ஏப்ரல் 18, வியாழன்

மறுபடியும் வானிலைத் துறையின் சுழல்காற்றுக் கண்காணிப்பு அறிவிப்பு, மாலை வரை. மகள் மேவிஸையும் பையையும் தூக்கிக்கொண்டு தேவாலயத்து நிலவறைக்குப் போனேன். காற்று வரவில்லை. திரும்பி வந்தால் என் புருஷன் ராய்ஸ் எங்கள் டிரெய்லர் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு, பியரோடு வானத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறான். துணைக்குப் பக்கத்து டிரெய்லர் ஹோமர்.

"வந்துட்டாங்கப்பா வானிலை மகாராணி," என்றான் ஹோமர். ராய்ஸ் சிரித்தான். கட்டின பொண்டாட்டியை ஊரான் கேலி செய்கிறான், அதற்கு ஒரு சிரிப்பு. சீ.

ஏப்ரல் 22, திங்கள்

சாப்பிடும்போது இன்னொரு முறை சொன்னேன். கண்காணிப்பு என்றால் காற்று கிளம்பக்கூடிய நேரம். எச்சரிக்கை என்றால் கிளம்பியே விட்டது, கண்ணிலோ ரேடாரிலோ பட்டுவிட்டது, உடனே பதுங்க வேண்டும். நெருக்கடி என்று சொன்னால் பெருங்காற்று ஊருக்குள்ளேயே நுழைகிறது. செங்கல் வீட்டுக்காரர்கள் எச்சரிக்கை வரும்வரை இருக்கலாம். நாம் இருப்பது தகர டப்பா. கண்காணிப்பிலேயே கிளம்பினால்தான் உண்டு.

"ஓக்லஹோமாலயே பொறந்து வளந்தவன்டி நான். எங்கிட்ட பாடம் எடுக்காத." வாய் நிறைய பீன்ஸை வைத்துக்கொண்டு சொன்னான்.

மே 3, வெள்ளி

கண்காணிப்பு. போகவில்லை. "இன்னைக்குப் போகலயாம்மா?" என்று மேவிஸ் கேட்டாள். கேலிக்குப் பயந்து பிள்ளையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்னை நினைத்தாலே எனக்கு வெறுப்பாக இருக்கிறது.

மே 4, சனி — நிலவறையில்

காலையிலேயே கண்காணிப்பு அறிவித்துவிட்டார்கள். வண்டியை எடுத்துக்கொண்டு பியர் வாங்கப் போன ராய்ஸ் நண்பகலுக்குத்தான் வந்தான். வந்து உட்கார்ந்ததும் ஊரின் அபாயச் சங்கு ஊதியது. சனிக்கிழமைதோறும் பன்னிரண்டு மணிக்குச் சோதனைச் சங்கு ஊதும், இவனும் ஹோமரும் பியர் டப்பாவைத் தூக்கி அதற்கு வணக்கம் வைப்பார்கள். இன்றைக்கும் தூக்கினார்கள்.

"வானம் இப்படி இருக்கிற நாள்ல சோதனை பண்ண மாட்டாங்க ராய்ஸ். இது நிஜம்."

"மணியப் பாருடி. பன்னெண்டு."

என் போனும் அலறியது, எச்சரிக்கை என்று. காட்டினேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு, வந்து தொலை என்று கெஞ்சினேன்.

"நீ போ. வரும்போது ஐஸ் வாங்கிட்டு வா."

ஐஸாம். மேவிஸை வண்டியில் போட்டுக்கொண்டு இங்கே வந்துவிட்டேன். இப்போ தலைக்கு மேல சத்தம். அந்த ஆளுக்காகத்தான் வேண்டிக்கிட்டு இருக்கேன் — ஏன்? தெரியல. பொழச்சா போதும்.

மே 5, ஞாயிறு

டிரெய்லர் இருந்த இடத்தில் படிக்கட்டு மட்டும் நிற்கிறது. ஹோமரும் ராய்ஸும் சாலையோரப் பள்ளத்தில் குப்புறக் கிடந்து பிழைத்திருக்கிறார்கள். ராய்ஸுக்குக் கை முறிந்திருக்கிறது. கட்டிக்கொண்டு அழுதேன். உண்மையாகத்தான் அழுதேன்.

மாலையில் டிவிக்காரப் பெண் ராய்ஸிடம் மைக்கை நீட்டினாள். "காலையிலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. பொண்டாட்டி புள்ளைய நான்தான் முதல்ல அனுப்பிவெச்சேன்," என்றான். ஹோமர் தலையாட்டினான். மேவிஸ் என் முகத்தையே பார்த்தாள். ஏழு வயசுப் புள்ள. அவ முன்னாடி இப்படிப் பேச வாய் கூசலயா?

மே 6, திங்கள்

அக்கா வீட்டுக்கு வந்துவிட்டோம்.

மே 17, வெள்ளி

ராய்ஸ் கூப்பிட்டான். அதே இடத்துக்குப் புது டிரெய்லர் வருகிறதாம். "பழசவிடப் பெருசு. எப்ப வர்றீங்க?"

"வரல."

"இன்னும் கோவமா?"

கோபம் என்றால் இதற்குள் ஆறியிருக்கும். போனை வைத்துவிட்டேன்.

அக்கா தெருவிலேயே ஒரு செங்கல் வீட்டை வாடகைக்குப் பேசி முடித்தேன். நிலவறை இருக்கிறது. இறங்கும் படி எங்கே என்று மேவிஸுக்குக் காட்டினேன். வீட்டுக்காரர் இரண்டு சாவி கொடுத்தார். ஒன்றை அவள் பள்ளிப் பையில் போட்டேன்.